கிராஞ்சிக்குப் போன பை

என் கணவர் துரைசாமிக்குப் பயம் வந்தால் பஞ்சாங்கத்தைக் கையில் எடுப்பார். எனக்குப் பயம் வந்தால் கோபம் வரும். எங்கள் மகள் சந்திரமதி பள்ளிக்கூடத்தில் தடை ஓட்டம் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அவர் பஞ்சாங்கத்தையும் மூடவில்லை, நான் வாயையும் மூடவில்லை.

தடை ஓட்டம் என்பது ஓடுகிற பாதையில் மரச்சட்டங்களை நிறுத்தி வைத்து, அவற்றைத் தாண்டித் தாண்டி ஓடுவது. சும்மா கிடக்கிற பாதையில் தாங்களே தடையை வைத்துத் தாங்களே எதற்குத் தாண்ட வேண்டும் என்று நான் கேட்டேன். "அதாம்மா விளையாட்டு" என்றாள் சந்திரமதி. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு என்றால் வாத்தியார் தூங்கும்போது நாங்கள் சத்தம் போடாமல் இருப்பதுதான். இவள் படிக்கிற செகண்டரி ஸ்கூலில் அப்படி இல்லை. வாரத்துக்கு இரண்டு தரம் பி.இ. என்று உடற்பயிற்சி வகுப்பு, பள்ளி விட்ட பிறகு வலைப்பந்து, ஹாக்கி, ஓட்டம். பிள்ளைகளை வெயிலில் ஓட விடுவதற்கென்றே மிஸ் லோ என்று ஒரு டீச்சர். அதற்கு அரசாங்கச் சம்பளம் வேறு.

அந்த மிஸ் லோதான் இவளைக் கண்டுபிடித்தவர். ஒரு நாள் பந்து பெரிய சாக்கடைக்கு அப்பால் போய் விழுந்ததாம். மற்ற பிள்ளைகள் பாலத்தைச் சுற்றிப் போக, இவள் மட்டும் ஒரே எட்டில் சாக்கடையைத் தாண்டிப் போய் எடுத்து வந்தாளாம். மறுநாளே டீச்சர் பஃபலோ ரோட்டில் எங்கள் மாடிப்படி ஏறி வந்து, நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, உங்கள் மகளுக்குக் கால் மிகவும் நன்றாக இருக்கிறது என்று மலாயில் சொன்னார். பெண் பார்க்க வருகிறவர்கள் முகத்தைச் சொல்வார்கள், முடியைச் சொல்வார்கள். காலைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

போன வருஷம் எல்லாப் பள்ளிகளும் சேர்ந்து நடத்துகிற போட்டியில், இறுதி ஓட்டத்தில், மூன்றாவது தடையில் இடறி விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிய நொண்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு வீட்டில் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. ராகு காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பினதுதான் காரணம் என்றார் அவர். சப்பாத்துதான் காரணம் என்றேன் நான். அடியில் ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து அந்தப் பள்ளியிலேயே மூன்று ஜோடிதான். இவள் காலுக்குப் பெரிதாக இருந்ததை, முன்பக்கம் பழைய பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். பேப்பர் திணித்த சப்பாத்தோடு ஓடினால் குரு உச்சத்தில் இருந்தாலும் விழத்தான் வேண்டும்.

இந்த வருஷம், அதாவது 1961இல், மிஸ் லோ தன் சிநேகிதி ஒருத்தியிடமிருந்து இவள் காலுக்குக் கச்சிதமான சப்பாத்து ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிநேகிதி ஓட்டத்தை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டவளாம். இறுதி ஓட்டத்தில் முதலாவதும் இரண்டாவதும் வருகிறவர்கள் சிங்கப்பூர் அணியில் சேர்ந்து கோலாலம்பூருக்குப் போய் மலாயாப் பள்ளிப் பிள்ளைகளோடு ஓடலாம். அடுத்த வருஷம் சந்திரமதிக்குக் கடைசி வகுப்பு. பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளை அவள் பள்ளி போட்டிக்கு அனுப்பாது. ஆகவே இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். அவள் அதை வாய் திறந்து சொல்லவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள், தூக்கத்தில் காலை உதறினாள். பக்கத்தில் படுத்திருந்த எனக்கு உதை விழுந்தது.

சப்பாத்துச் சிக்கல் தீர்ந்ததே என்று நான் நிம்மதியாக இருந்தபோது அவர் பஞ்சாங்கத்தோடு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சனிக்கிழமை சந்திரமதிக்குச் சந்திராஷ்டமம்" என்றார்.

சந்திரன் நம் ராசிக்கு எட்டாம் வீட்டில் நிற்கிற நாட்களில் எந்த நல்ல காரியத்துக்கும் கிளம்பக் கூடாது என்பது கணக்கு. சிட்டி கவுன்சில் தண்ணீர் இலாகாவில் வேலை பார்க்கிற மனுஷர், சந்திராஷ்டமம் என்றால் குழாய்க்கு முறுக்காணி போடக்கூட யோசிப்பார்.

"போட்டி நடத்துறவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க, நாளை மாத்திடுவான்" என்றேன்.

"கிண்டல் பண்ணாதே பூவம்மா. போன வருஷம் நீ பண்ணின கிண்டல் போதும். பரஸ்தானம் வெச்சிடலாம்."

பரஸ்தானம் என்பது இந்தச் சிக்கலுக்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி. பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரத்தில் நம்முடைய பையையோ துணியையோ கொண்டுபோய் இன்னொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பினால் நாமே கிளம்பின மாதிரி. பிறகு எந்த நேரத்தில் போனாலும், போகிற வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை, பை திரும்ப நம் வீட்டுக்கு வரக் கூடாது.

நான் சந்திரமதியைப் பார்த்தேன். இங்கிலீஷ் படிக்கிற பெண், சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா சொல்றபடியே செஞ்சிடலாம்மா" என்றாள். "இல்லேன்னா ஓடும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

நான் எழுந்து போய்ப் பையைத் தேடினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நல்ல நேரம் பார்த்து, நீலக் கான்வாஸ் பையில் சப்பாத்தையும் பள்ளிக்கூடப் பனியனையும் கால்சட்டையையும் மடித்து வைத்தோம். மேலே ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார் அவர். இரண்டு கடை தள்ளி இருக்கிற அஹமது கபீர் பாயின் கைலிக் கடைக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே போனேன்.

கபீர் பாய் நாகூர்ப் பக்கத்துக்காரர். எங்களுக்கு இருபது வருஷப் பழக்கம். சொன்ன சொல் மாறாதவர் என்று எங்கள் தேக்கா வட்டாரம் முழுக்கப் பேர். நேரம் காலத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பையை இரண்டு கையாலும் வாங்கினார்.

"பாய், நாளைக்குக் காலையில நானே வந்து வாங்கிக்கிறேன். வேற யாரு கேட்டாலும் கொடுத்துடாதீங்க" என்றார் இவர். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முக்கியமா இவகிட்டக் கொடுக்கவே கொடுக்காதீங்க" என்று என்னைக் காட்டினார்.

காரணம் இருந்தது. முன்பு ஒரு முறை பினாங்குக் கல்யாணத்துக்கு அவர் பரஸ்தானம் வைத்த பையை, துண்டு வைக்க மறந்துவிட்டாரே என்று நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பினாங்கில் அவருக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. கல்யாண வீட்டில் கணக்கில்லாமல் பிரியாணி தின்றது அவர், பழி என் தலையில்.

கபீர் பாய் நெஞ்சில் கை வைத்தார். "இது அமானிதம் அண்ணே. கொடுத்தவங்க கையிலதான் திருப்பிக் கொடுப்பேன். உங்க கையிலதான்."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அவர்களுக்கு அது தொழுகை மாதிரி. என் கணவர் நிம்மதியாக வீட்டுக்கு வந்து தூங்கினார். நான்தான் மகளிடம் உதை வாங்கிக்கொண்டு விழித்துக் கிடந்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் சந்திரமதி மற்ற பிள்ளைகளோடு போவதற்காகப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். "அப்பா, பை" என்றாள். "நான் கொண்டாந்துடுறேன், நீ கவலைப்படாதே" என்றார் இவர். கடை திறக்கிற நேரத்துக்கு நாங்கள் கீழே இறங்கிப் போனோம்.

கடை திறக்கவில்லை. பலகைக் கதவு அத்தனையும் போட்டபடி இருந்தது. முன்னால் அஞ்சடி நடைபாதையில் பாயின் கடையாள் ரவூப் பெட்டியின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான்.

"அண்ணே, உங்களுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். முதலாளி மவ ரபியா கிராஞ்சியில இருக்குல்ல, அதுக்கு விடியக்காலையில வலி வந்துடுச்சு. காப்பிக்கடைக்கு போன் வந்துச்சு. முதலாளி ஓடிட்டாரு."

"பை?" என்றேன் நான்.

"பையையும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

கிராஞ்சி தீவின் மறுகோடி. காய்கறித் தோட்டமும் பன்றிப் பண்ணையும் ரப்பர் மரமும் இருக்கிற இடம். அங்கே பஸ் வருவது நினைத்தால் உண்டு.

"ஏண்டா, உன்கிட்டக் கொடுத்துட்டுப் போறதுதானே!"

"நானும் அதைத்தான் கேட்டேங்கா. அமானிதம், உன்கிட்டக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லைன்னுட்டாரு. சாவியும் அவர்கிட்ட. ஆளில்லாத கடையில வெச்சிட்டுப் போகவும் மனசு வரலை. ஓட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள மைதானத்துக்கே கொண்டாந்து அண்ணன் கையில கொடுத்துடுறேன்னு சொல்லச் சொன்னாரு லா."

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். அவர் குடையை நீட்டித் திசையைக் கணக்குப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "வடக்கால போயிருக்கு."

"என்னது?"

"நாம போக வேண்டியது கிழக்கால. பை வடக்கால கிளம்பிடுச்சு."

அவரை நடுரோட்டிலேயே வைத்து நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ரவூப்கூடப் பீடியைக் கீழே போட்டுவிட்டான்.

ஜாலான் புசார் மைதானத்துக்கு நடந்தே போனோம். வழியெல்லாம் நான் திட்டினேன், அவர் குடையைப் பிடித்துக்கொண்டு எனக்கு வெயில் படாமல் பார்த்துக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சொல்லவே இல்லை.

மைதானத்தில் திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கொடி. வெள்ளைத் தொப்பிக்காரர்கள் விசில் ஊதிக்கொண்டு அலைந்தார்கள். ஒலிபெருக்கி இங்கிலீஷில் ஓயாமல் கத்தியது. முந்தின நாள் மழையில் புல் இன்னும் ஈரமாக இருந்தது. எங்கள் பள்ளிக் கொடியின் கீழே சந்திரமதி பள்ளிச் சீருடையில் நின்று வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் கைகளைப் பார்த்தாள். நாலு கையிலும் பை இல்லை.

நான்தான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுதிருந்தால் பரவாயில்லை. "சரிம்மா" என்றாள். உதடு மட்டும் வெளுத்துப் போயிற்று.

மிஸ் லோ அதற்குள் விஷயத்தை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். பனியனும் கால்சட்டையும் ஓடி முடித்த இன்னொரு பிள்ளையிடம் வாங்கிக் கொடுத்தார். சப்பாத்துக்கு என்ன செய்வது? வெறுங்காலோடு ஓடட்டுமே என்றேன் என் அரைகுறை மலாயில். டீச்சர் தலையை ஆட்டினார். புல் ஈரம், தாண்டி இறங்கும்போது வழுக்கும். அவர் பள்ளிக்கூடப் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடி சப்பாத்தை வெளியே எடுத்தார்.

போன வருஷத்து அதே சப்பாத்து.

சந்திரமதி புல்லில் உட்கார்ந்து அதைக் காலில் போட்டுப் பார்த்தாள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் போகிற அளவு இடம் இருந்தது. யாரோ பழைய பேப்பர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அதைக் கிழித்துக் கசக்கி உள்ளே திணிக்க ஆரம்பித்தாள். முழங்காலில் போன வருஷத் தழும்பு இன்னும் பளபளவென்று இருந்தது. சாமி கும்பிட வேண்டும் என்று தோன்றியது. எந்தச் சாமியையும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

"பெண்கள் தடை ஓட்டம், முதல் அழைப்பு" என்றது ஒலிபெருக்கி. மிஸ் லோ இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு அழைப்புதான் இருந்தது.

என் கணவர் குடையை ஊன்றிக்கொண்டு மரம் மாதிரி நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இங்க நின்னு என்னத்தைப் பார்க்கிறீங்க? கிராஞ்சி பஸ் புக்கிட் தீமா ரோட்டு வழியாத்தானே வரும்? போய்த் தேக்கா ஸ்டாப்புல நில்லுங்க! வந்தா அப்படியே ஓடியாங்க!"

"நான் போனா இங்க..."

"இங்க நான் இருக்கேன். போங்க!"

அவர் போனார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அந்த வயதில் அவர் ஓடியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டாவது அழைப்பு வந்தது. ஓடப் போகிற பெண்கள் கைகால்களை உதறிக்கொண்டு பாதைப் பக்கம் நடந்தார்கள். நல்ல உயரமான சீனப் பெண் ஒருத்தி, அவள்தான் போன வருஷம் முதலாவது வந்தவள், தடைகளுக்குப் பக்கத்தில் நின்று சும்மா ஒரு காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். சந்திரமதி இரண்டு அடி நடந்தாள். சப்பாத்து டப் டப்பென்று அடித்தது. எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. நுழைவாயிலுக்குப் போய்விட்டேன்.

அங்கே போய் நின்றதும், லாவெண்டர் ஸ்திரீட் பக்கமிருந்து ஒரு காய்கறி லாரி வந்து நின்றது. பின்னால் முள்ளங்கிக் கூடைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மனுஷர் இறங்கினார். தொப்பி கோணலாக இருந்தது, சட்டையெல்லாம் மண். நெஞ்சோடு நீலப் பையை அணைத்துப் பிடித்திருந்தார்.

"பாய்!" என்று கத்தினேன்.

"பஸ்ஸே வரலை தங்கச்சி. அதான் தோட்டத்து லாரியில..." மூச்சு வாங்கியது அவருக்கு. "அண்ணன் எங்கே?"

"உங்களைத் தேடித்தான் தேக்காவுல பஸ் ஸ்டாப்புல நிக்கிறாரு. பையைக் கொடுங்க பாய், கூப்பிட்டுட்டாங்க!"

நான் கையை நீட்டினேன். அவர் ஓர் அடி பின்னால் போனார்.

"அண்ணன் கையிலதான் கொடுக்கணும் தங்கச்சி. உங்ககிட்டக் கொடுக்க வேணாம்னு சொல்லி ஒப்படைச்சாரு. நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க. வாக்குக் கொடுத்துட்டேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அடித்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். பிடிவாதம் இல்லை அது. அவருக்கும் அழுகை வருகிற மாதிரிதான் இருந்தது.

"ரபியாவுக்கு என்ன பாய் ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன், என்னை அறியாமல்.

"இன்னும் ஆகலை. வலி இருந்துக்கிட்டே இருக்கு. மருத்துவச்சி இருக்கா, என் வீட்டுக்காரி ஆமினாவும் கூட இருக்கா. நான் கொடுத்த வாக்கை முடிச்சிட்டு வந்துடுறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

பெற்ற பெண்ணைப் பிரசவ வலியில் விட்டுவிட்டு என் பெண்ணின் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் மனுஷர். என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது. உள்ளே ஒலிபெருக்கி மூன்றாவது தடவையாகக் கூப்பிட ஆரம்பித்தது.

"பாய், ஒண்ணு கேக்குறேன். அமானிதத்தை யார்கிட்டச் சேர்க்கணும்? பொருளுக்கு உடையவங்ககிட்டத்தானே?"

"ஆமா."

"அந்தப் பை யாரோடது? உள்ளே இருக்கிற சப்பாத்து உங்க அண்ணன் கால்ல ஏறுமா? அவரே அதை மகளுக்காகத்தானே ஒப்படைச்சாரு? உடையவ அங்க நிக்கிறா. என்கிட்ட வேணாம். அவ கையில கொடுங்க."

கபீர் பாய் கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினார், வாயிலைத் தாண்டி ஓடினார். வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு குறுக்கே வந்தார். பாய் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ஓட்டப் பாதை ஓரத்தில் சந்திரமதி குனிந்து பேப்பர் சப்பாத்தின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"புள்ளே! இந்தா, உன் அமானிதம்!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் என் மகள் முகத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அந்த மாதிரி ஒரு முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

மிஸ் லோ ஓடிவந்து ஒரு காலுக்கு அவரே சப்பாத்தை மாட்டிவிட்டார். மற்றதை இவள் மாட்டிக்கொண்டாள். எலுமிச்சம்பழம் உருண்டு பக்கத்துப் பெண்ணின் காலடிக்குப் போயிற்று, அவள் அதை எடுத்து மரியாதையாக மிஸ் லோவிடம் கொடுத்தாள்.

துப்பாக்கி வெடித்தது.

முதல் தடையை எல்லோரும் ஒன்றாகத் தாண்டினார்கள். இரண்டாவதில் சீனப் பெண் முன்னால் போனாள், இவள் நாலாவதோ ஐந்தாவதோ. மூன்றாவது தடை வந்தது. பஞ்சாங்கத்தைக் கிண்டல் பண்ணுகிற, ஒன்றுக்கும் பயப்படாத பூவம்மா, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன். கூட்டம் ஹோவென்று கத்தியது. விழுந்துவிட்டாள் என்றே நினைத்தேன். கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டு அப்படியே நின்றேன். திறந்தபோது எல்லாம் முடிந்து பெண்கள் அந்தக் கோடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

என் மகளும் நின்றுகொண்டிருந்தாள். முழங்காலில் ரத்தம் இல்லை.

நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். சீனப் பெண்தான் முதலாவது, அதில் சந்தேகமில்லை. இரண்டாவது யார் என்பதில் இரண்டு பேருக்குள் இழுபறி. கபீர் பாய் வாய்க்குள்ளே என்னவோ ஓதினார். கடைசியில் ஒலிபெருக்கி கரகரத்து, ஒரு பெயரைக் கடித்துக் குதறிச் சொன்னது. எவ்வளவு குதறினாலும் அது என் மகள் பெயர் என்று தெரிந்தது. மிஸ் லோ என்னைக் கட்டிக்கொண்டார். நான் ஒப்பாரி வைக்கிறவள் மாதிரி சத்தமாக அழுதேன், வெட்கப்படவில்லை.

தடைகளை ஆட்கள் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். வேட்டியெல்லாம் சேறு. கிராஞ்சி பஸ் ஒன்றுதான் வந்ததாம், அதில் பாய் இல்லையாம், இன்னொன்றுக்கும் நின்று பார்த்திருக்கிறார்.

"பாய் வரலை" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், பாயைப் பார்த்து நின்றுவிட்டார். "வந்துட்டீங்களா! நல்லவேளை! இன்னும் ஆரம்பிக்கலியே?"

அவர் அடுக்கி வைத்த தடைகளைப் பார்த்தார். பிறகு சந்திரமதியின் காலைப் பார்த்தார். சரியான சப்பாத்து, அதில் ஈரப் புல் ஒட்டியிருந்தது.

"ரெண்டாவதுப்பா" என்றாள் அவள். "கோலாலம்பூருக்குப் போறேன்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு வருஷமாக இந்த ஒரு ஓட்டத்தை நினைத்துத் தூக்கம் கெட்ட மனுஷர். அந்த நேரத்தில் அவரைப் பஸ் ஸ்டாப்புக்கு விரட்டியவள் நான்.

"மூணாவதை எப்படித் தாண்டினா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் கண்ணை மூடிக்கிட்டேங்க" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம், ஒரு வருஷத்துக்கு வேண்டிய அளவு. "நானும் மூடியிருப்பேன்" என்றார்.

அப்போது கபீர் பாய் முன்னால் வந்தார். "நான் பார்த்தேன் அண்ணே. பையை உங்க கையில கொடுக்க முடியலை, மன்னிச்சிடுங்க. இதையாவது கொடுத்துட்டுப் போறேன்."

முதல் தடையிலிருந்து ஆரம்பித்தார். இவள் எந்தக் காலைத் தூக்கினாள், மூன்றாவது தடையில் சட்டத்துக்கும் காலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருந்தது, பக்கத்துப் பெண் தடையைத் தட்டியபோது கூட்டம் எப்படிக் கத்தியது, கடைசியில் இவள் கழுத்தை எப்படி நீட்டினாள், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கிராஞ்சியில் தன் பெண் என்ன ஆனாளோ என்கிற தவிப்பு அவர் விரலில் தெரிந்தது, தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். இருந்தும் அவசரப்படவில்லை. என் கணவர் குனிந்து, அந்த நீலப் பையை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்.

பாயைப் பஸ் ஏற்றிவிட எல்லோருமாகத் தேக்காவுக்கு நடந்தோம். அன்று சாயங்காலமே ரபியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இருவரும் சுகம் என்று காப்பிக்கடை போனில் சேதி வந்தது. அது தெரியாத அந்த நடை நீளமாகத்தான் இருந்தது. ஸ்டாப்பில் நின்றபோது என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"கோலாலம்பூர் ஓட்டம் என்னைக்கு?"

"அடுத்த மாசம்பா."

"கிழமை?"

"ஆரம்பிச்சிட்டீங்களா!" என்றேன்.

சந்திரமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, எந்தக் கிழமையா இருந்தாலும் சரி. இந்தத் தடவை பையை நானே தூக்கிக்கிறேன். உங்களைத்தான் முதல் நாளே கொண்டுபோய் வெச்சிடணும்."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "பாய், கோலாலம்பூர்ல உங்களுக்குத் தெரிஞ்ச கடை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"மஸ்ஜித் இந்தியாகிட்ட என் மச்சான் கடை இருக்கு அண்ணே. உங்களைப் பத்திரமா வெச்சிருப்பான். யாரு வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டான்."

பஸ் வந்து நின்றது. பாய் ஏறிப் படியில் நின்றுகொண்டார். என் கணவர் குடையைத் தூக்கிக் காட்டி, புறப்படுகிற பஸ்ஸைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"என் மக கேட்டா மட்டும் கொடுத்துடச் சொல்லுங்க பாய்! அவ கையில மட்டும்தான்!"